சோலி என்ற சொல்

அன்புள்ள இசக்கிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் தண்டையார்பேட்டையில் நலம். பயப்படாமல் படி, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. பட்டறை மேஸ்திரியிடம், "இன்னைக்கே உங்க சோலிய முடிச்சிருதேன்" என்றேன். வேலையைத்தான் சொன்னேன். இந்த ஊரில் அதற்குக் கொல்வது என்று அர்த்தமாம். கொலை மிரட்டல் என்று வழக்குப் போட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் டோல்கேட் என்ற இடத்தில் மகிழினி என்ற வக்கீலைப் பிடித்தேன். "இன்னாண்ணே, இதுக்கா பேஜாராவுற?" என்று சிரித்தவர், கோர்ட்டில் எழுந்ததும் செந்தமிழில் பேசினார். என்ன தமிழ், என்ன நிமிர்வு! அவர் கேட்டுக்கொண்டபடி நீதிபதி என்னிடமே கேட்டார்: "ஊரில் காலையில் மனைவியிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவீர்கள்?"

சொன்னேன். மேஸ்திரியே சிரித்துவிட்டார். எனக்கு விடுதலை.

கொஞ்சம் கருப்பட்டி அனுப்பு. இங்கே இப்போது 'வேலை' என்றுதான் சொல்கிறேன். உன்னிடம் மட்டும்தான் பழையபடி சொல்ல முடியும். பட்டறைச் சங்கு ஊதுகிறது.

சோலிக்குப் போயிட்டு வாரேன், இசக்கி.

சுடலைமுத்து