இடது கைக்கு மாற்றிய தந்திகள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அப்பாவின் பட்டறைக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாமாம். எனக்குத்தான் இங்கே ஞாயிறு நகரவே நகராதே.

யுகுலேலே செய்கிறார்கள். நான்கு தந்தி, கைக்குழந்தை அளவு கிட்டார். அப்பா இப்போது கட்டிக்கொண்டிருக்கிற அந்த அம்மாள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாள். அவர்களுடைய பெண் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினாள். மூக்கு அச்சு அசலாக என்னுடையது. அப்பா சூடான குழாயில் மெல்லிய பலகையை அழுத்தி வளைத்துக்கொண்டிருந்தார். யாரோ வாடிக்கையாளர் என்று நிமிரவில்லை. நம்மை விட்டுப் போனபோது எனக்கு ஆறு வயது, அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்?

சுவரிலிருந்து ஒன்றை எடுத்து மீட்டிப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தார்.

"இடது கையாம்மா? என் பொண்ணும் அப்படித்தான். தந்தியை மாத்திப் போட்டுத் தர்றேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "என்னப்பா, நான் சோத்தாங்கைதானே?"

அவர் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பலகை தீயுது பாருங்க" என்று அந்த அம்மாள் சத்தம் போட்டாள்.

ஒன்று செய்யச் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தில் என்ன என்று அம்மா கேட்டாள். உனக்குச் சளி என்று சொல்லிவைத்தேன். ஃபோனில் பேசும்போது கொஞ்சம் இருமு.

உன்னை அடையாளம் தெரிந்துவிட்டது, சரி. தெரிந்த பிறகு என்ன செய்தார்? மறுபடி போகாதே. தனியாக இருக்க முடியவில்லையென்றால் லீவு போட்டு இங்கே வா.

முடியெல்லாம் நரைத்துவிட்டதா?

அண்ணன்

ஏப்ரல் 7

அண்ணா,

நரைத்துவிட்டது. உச்சியில் உன்னைப் போலவே வழுக்கை.

நேற்று வாங்கிவரப் போனேன். அவர் இல்லை. "மரம் பாக்கப் போயிருக்காரு. நீங்க வர்றீங்கன்னு காலைல ஞாபகப்படுத்தினேன், உடனே கிளம்பிட்டாரு" என்றாள் அந்தப் பெண். வாத்தியம் துணியில் சுற்றி மேசைமேல் இருந்தது. நான்கு தந்தியையும் எனக்காக மாற்றிப் பூட்டியிருந்தார். துண்டுச்சீட்டு ஏதாவது இருக்குமோ என்று துணியை உதறிப் பார்த்தேன். இல்லை.

பஸ் வரும்வரை அவள் கூடவே நின்றாள். "அடுத்த தடவை அப்பா இருக்கும்போது வாங்கக்கா" என்றாள். பட்டறைக்கு வருகிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள் போல.

சரி என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். இனி போகமாட்டேன்.

உன் தங்கை