மேலே மூன்று பேர், டேங்குக்குள் நான்

மச்சான்,

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நம் பழைய எஸ்டேட் பக்கம், பத்தாங் பெர்ஜுந்தாய் வழியாகத் திரும்பும்போது பெட்ரோல் போட நிறுத்தினேன். பக்கத்தில் பாமாயில் ஏற்றும் டேங்கர் லோரி ஒன்று நின்றது. டிரைவர் மேலே ஏறி மூடியைத் திறந்து பார்த்தான். அவ்வளவுதான். அந்தச் சூடான, புளித்த வாடை மூக்கில் ஏறியதும் போட்டது போட்டபடி காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. என் மனைவி, "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்று பதறினாள். எனக்குப் பேச்சே வரவில்லை. உனக்கா பேச்சு வரவில்லை என்று நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளிடம் சொன்னேன். நாற்பது வருஷம் ஆகியுமா பயம் என்றாள். ஆமாம், இன்னும் பயம்தான். அந்தப் பயத்தைப் பற்றிப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் நீ. நீயோ போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாய். நீ இதைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். என்னால் பேசாமல் இருக்க முடியாது என்று உனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எண்பத்து நாலாம் வருஷம். இந்தியாவிலிருந்து ஒருத்தர், ரஷ்யாக்காரர்கள் இரண்டு பேரோடு ராக்கெட்டில் ஏறி, பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த விண்வெளி நிலையத்துக்குப் போன வருஷம். நம் கூட்டம் ஒன்றும் பெரிய கூட்டமில்லை. எஸ்டேட் பாமாயில் மில்லில் வேலை செய்த நீயும் நானும், பத்தாங் பெர்ஜுந்தாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயும். பாயிடம் நல்ல ரேடியோ இருந்தது. வேலை முடிந்து குளித்துவிட்டு உன் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினால் தேத்தண்ணியும் செய்தியும் ஒன்றாக வரும். யார் போகிறார்கள், எப்போது போகிறார்கள், மேலே போய் என்ன சாப்பிடுவார்கள், எல்லாம் நமக்கு அத்துப்படி.

புறப்பட்டுவிட்டார்கள் என்ற சேதி வந்தபோது பாய் கடையில் யாரும் கரண்டியைக்கூட அசைக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். பிறகு எல்லாருக்கும் காசு வாங்காமல் ரொட்டி போட்டார். "நாகப்பட்டினத்திலேர்ந்து கப்பல்ல வர்றதுக்கே நான் ஒரு வாரம் வாந்தி எடுத்தேன். இவனுங்க ஒரு வாரத்துல உலகத்தையே எத்தனை தடவை சுத்துவானுங்களோ" என்றார். கடையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "இறங்கி வரட்டும் பாய், அப்புறம் சிரிக்கலாம்" என்றாய்.

திரும்பி வரும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கதையைச் சொன்னாய். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு நிலையத்திலிருந்து திரும்பிய மூன்று பேரின் கதை. வரும் வழியில் ஒரு வால்வு திறந்துகொண்டு காற்று வெளியே போய்விட்டதாம். விண்கப்பல் ஒழுங்காகத் தரையிறங்கியதாம். "கதவைத் திறந்து பார்த்தா, தூங்குற மாதிரி உக்காந்திருந்தாங்களாம். காத்து போறது கண்ணுக்குத் தெரியாதுல்ல மாப்ளே" என்றாய். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். ஏன்டா இந்த நேரத்தில் இதைச் சொல்கிறாய் என்று உன்னைத் திட்டினேன்.

உனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்றும் இருந்தது. நிலையம் எல்லா நேரமும் கீழே இருப்பவர்களோடு பேச முடியாது. ரஷ்யாவுக்கு மேலே வரும்போது பேசும். தாண்டிக் கடலுக்கு மேலே போய்விட்டால் சத்தமே இருக்காது. மறுபடி சுற்றிக்கொண்டு வரும்வரை கீழே காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றிலும் மோசம் என்பாய். ஆனாலும் அதையேதான் பேசிக்கொண்டிருப்பாய்.

அவர்கள் மேலே இருந்த அதே வாரம் மில்லில் நமக்கு டேங்க் கழுவும் முறை வந்தது. எண்ணெய் நிற்கும் பெரிய டேங்கைக் காலி செய்த பிறகு, அடியில் படிந்த வண்டலை ஆள் உள்ளே போய்ச் சுரண்டி அள்ள வேண்டும். தரையை ஒட்டி ஒரு வட்டத் திறப்பு, தோளைக் குறுக்கித் தவழ்ந்தால்தான் நுழைய முடியும். ஒருத்தன் உள்ளே, ஒருத்தன் வெளியே. உள்ளே போகிறவன் இடுப்பில் கயிறு, மறுமுனை வெளியே நிற்கிறவன் கையில். வெளியே நிற்கிறவன் ஓயாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும், உள்ளேயிருந்து பதில் வந்துகொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் கயிற்றை இழு, ஆளைக் கூப்பிடு, ஆனால் நீ உள்ளே போகாதே. நம்மை வேலை வாங்கிய மண்டோர் இதை ஒவ்வொரு தடவையும் சொல்வார். "ஒருத்தன் விழுந்தா ஒரு பொணம். காப்பாத்துறேன்னு இன்னொருத்தன் போனா ரெண்டு பொணம். எனக்கு ஒண்ணுகூட வேணாம்டா."

டேங்கைப் பார்த்ததும், "இதான்லா நம்ம நிலையம்" என்றாய். உள்ளே இருப்பவன் விண்வெளிக்காரன், வெளியே இருப்பவன் பூமி.

"பூமி பேசுது. மேலே காத்து எப்படி இருக்கு?"

"நாத்தமா இருக்கு பூமி. சோறு அனுப்பு."

அதோடு விட்டிருக்கலாம். உள்ளே இருப்பவன் "கடலுக்கு மேலே போறேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வான். வெளியே இருப்பவன் காத்திருப்பான். பிறகு "வந்துட்டேன்லா" என்று உள்ளேயிருந்து ஒரு கத்தல் வரும், டேங்கே அதிரும். நீ உள்ளே இருக்கும்போது கல்லு மாதிரி அமைதியாக இருப்பாய், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவிப்பேன். என் முறை வந்தால் எனக்கு வாய் தாங்காது. கடலில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டேன், சிரித்துவிடுவேன். "நீயெல்லாம் விண்வெளிக்குப் போனா ரேடியோதான்லா முதல்ல எரியும்" என்று கிண்டல் செய்வாய்.

இரண்டாவது டேங்கில் என் முறை. எண்ணெய் ஏற்ற லோரி வரப்போகிறது என்று அவசரம். எப்போதும் முதல் நாளே திறந்து காற்றாட விடும் மூடியை அன்றைக்குக் காலையில்தான் திறந்திருந்தார்கள். மண்டோர் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். பரவாயில்லை என்றார். நமக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான்.

உள்ளே போய் வண்டலைக் கிளறியதும் அழுகின முட்டை நாற்றம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது இல்லை. போய்விட்டது என்று நினைத்து இன்னும் உள்ளே போனேன். நாற்றம் அங்கேயேதான் இருந்தது, என் மூக்குதான் செத்துப்போயிருந்தது என்று பின்னால் டாக்டர் சொன்னார். "பூமி, கடலுக்கு மேலே போறேன்" என்று கத்தினேன். சரி போ என்றாய். குனிந்து வாளியை எடுத்தேன். முழங்கால் மடிந்தது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன், கால் என்னுடையதாக இல்லை.

பயம் என்றால் என்ன என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது, மச்சான். கத்த வாயைத் திறக்கிறேன், காற்றுகூட வெளியே வரவில்லை. கயிறு தரையிலிருந்த சூடேற்றும் குழாயில் மாட்டிக்கொண்டிருந்தது. கை விரல் அசைந்தால்கூட அது உன்னிடம் வந்து சேராது. தூரத்தில் திறப்பின் வட்டமான வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அங்கே நீ ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தாய். இரும்புச் சுவரில் ஒவ்வொரு சத்தமும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

மண்டோர் வந்தார். "என்னடா, உள்ளே சத்தத்தையே காணோம்?"

"கடலுக்கு மேலே போயிருக்கான் மண்டோர். வந்துடுவான்."

மண்டோர் சிரித்த சத்தமும் எனக்குக் கேட்டது. தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்த அந்த மூன்று பேர் ஞாபகம் வந்தார்கள். இவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் செத்துவிடுவேன், கதவு திறந்தே இருக்கிறது, இருந்தும் செத்துவிடுவேன் என்று தெரிந்தது. என் அம்மாவை நினைக்கவில்லை, சாமியை நினைக்கவில்லை. அந்த விசில் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு.

விசில் பாதியில் நின்றது.

"மாப்ளே?" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "மாப்ளே, போதும்லா விளையாட்டு" என்றாய். பிறகு மண்டோரிடம், குரலே மாறிப்போய், "இவன் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டான் மண்டோர்" என்றாய். ஊரே திட்டிய என் வாய்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

கயிற்றை இழுத்தாய், வரவில்லை. மண்டோர் "உள்ளே போகாதே, போகாதே" என்று அலறினார். அப்போது அந்த வட்ட வெளிச்சம் அணைந்தது. செத்துப்போய்விட்டேன் என்றுதான் நினைத்தேன். திறப்பை அடைத்துக்கொண்டு நீ உள்ளே வந்துகொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் புல்தரைதான். நீ பக்கத்தில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, குழாயில் மாட்டிய கயிற்றை விடுவித்து, என்னைத் திறப்புவரை இழுத்துவிட்டு அங்கேயே நீயும் சாய்ந்துவிட்டாயாம். வெளியிலிருந்தவர்கள் இரண்டு பேரையும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மண்டோர் அழுதுகொண்டே உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஊரெல்லாம் உன் தைரியத்தைப் பற்றிப் பேசியது. நீ தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நாம் ரேடியோ பக்கமே போகவில்லை. அந்த மூன்று பேரும் இன்னும் மேலேதான் இருந்தார்கள். கேட்கவே பயமாக இருந்தது. கடைசியில் பாய்தான் கடையைப் பூட்டிவிட்டு நம் லயத்து வீட்டுக்கே தேடி வந்தார். "இறங்கிட்டாங்கலா. மூணு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, பிள்ளை மாதிரி அழுதாய். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, எனக்கும் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு யார் மேலே போனாலும் அவர்கள் இறங்கும்வரை உனக்குத் தூக்கம் கிடையாது. பின்னாளில் எப்போதுமே மேலே ஆட்கள் இருக்கிற நிலையம் வந்தது. அப்படியானால் நீ இனிமேல் தூங்கவே போவதில்லை என்று உன் வீட்டம்மாவிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஏன் உள்ளே வந்தாய் என்று எத்தனை வருஷம் கேட்டிருப்பேன். பேச்சை மாற்றுவாய். ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள் நான் கேட்காமலே சொன்னாய். முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மூடியை விலக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய். "எல்லாரும் தைரியம் தைரியம்னாங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்லலா. வெளியே நிக்கப் பயமா இருந்துச்சு மாப்ளே. உள்ளே வந்தப்புறம் அவ்வளவு பயமில்ல." நான் மூடியை எடுத்து மறுபடி உன் முகத்தில் வைத்தேன்.

மறுநாள் உனக்கு மூச்சு முட்டியது. நர்ஸ்கள் ஓடி வந்து திரையை இழுத்து மூடிவிட்டு எல்லாரையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். திரைக்குப் பின்னால் கருவிகளின் சத்தம், அவர்களின் அவசரக் குரல்கள். உன் சத்தம் மட்டும் இல்லை. உன் வீட்டம்மா என் கையைப் பிடித்து, "போகாதீங்க அண்ணே, சொன்னாங்கல்ல" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு திரையை விலக்கினேன். அவர்கள் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் கால்மாட்டில் நின்று உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். யாரும் என்னை விரட்டவில்லை. சூடு போகும்வரை அதை விடவில்லை.

கடைசி நேரத்தில் நான் தைரியமாக உன் பக்கத்தில் நின்றேன் என்று இப்போது உன் வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறேன். வெளியே நிற்கப் பயமாக இருந்தது, மச்சான். அதனால்தான் உள்ளே வந்தேன்.