நீ ஏன் ஓடவில்லை, மச்சான்

போன வாரம் என் சின்னவளுக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம். நர்ஸம்மா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததும் நீ நினைவில் வந்துவிட்டாய், மச்சான். அந்த வாசனையைக் கையில் பூசிக்கொண்டுதானே நாம் மருந்துக் கம்பெனியில் இத்தனை வருடம் சம்பாதித்தோம். குழந்தை வீறிட்டு அழுதது. நான் மருந்துக் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம்மைப்போல யாரோ எங்கேயோ நிரப்பிய குப்பி. "இன்னாங்க, புள்ளய வுட்டுட்டு பாட்டில பாத்துகினு கீறீங்க?" என்று என் மனைவி அதட்டிய பிறகுதான் குழந்தையை வாங்கினேன்.

உன் மனைவி என்னிடம் கேட்ட கேள்வி மாதக்கணக்காக அப்படியே கிடந்தது. உன்னை மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போன அன்றே கேட்டாள்: "லாரி வர்றத பாத்தாருல்ல? அப்பறம் ஏண்ணா ஓடல?" நீ லாரியில் அடிபட்ட அன்று காலை உங்களுக்குள் நடந்த சண்டையை பஸ்ஸில் நீயே சொல்லியிருந்தாய். அவள் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து, உனக்கு லீவு கிடைக்கவில்லை. "அப்டின்னா வூட்டுக்கே வராத, கம்பெனியிலயே கெட" என்று சொல்லிவிட்டாளாம். அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் நீ லாரிக்கு முன்னால் போனாய் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

உன் நடை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு யார் சொல்வது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ நடந்ததே இல்லை, எல்லா இடத்துக்கும் ஓட்டம்தான். ஊசி மருந்து நிரப்புகிற, கிருமி புகாத ஸ்டெரைல் ரூமுக்குள் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடினால் விடுவார்களா? "மெதுவாய்யா, மெதுவா! வேகமா நடந்தா காத்து கலையும். உம்மேல இருக்கற தூசியெல்லாம் மருந்துல போய் வுழும்" என்று சூப்பர்வைசர் உன்னை வெளியே அனுப்புவார். நீ கேன்டீனில் வந்து சிரிப்பாய்: "நான் நடந்தா காத்து கலையுதாம் மச்சான். எங்க ஊர்ல காத்துதான் எங்கள கலைச்சிகினு கீது." மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரன், வேறு எப்படிப் பேசுவாய்?

சிரித்தாயே தவிர உள்ளுக்குள் பயம்தான். காண்ட்ராக்ட் வேலை, இன்னொரு தடவை வெளியே அனுப்பினால் அப்படியே போகவேண்டியதுதான். அதனால் கற்றுக்கொண்டாய், எங்கள் எல்லோரையும் விட நன்றாக. கடைசியில் அந்த நடை உன் வீடுவரைக்கும் வந்துவிட்டது. "அவசரத்துக்குக் கூப்ட்டாகூட சாமி ஊர்வலம் மாதிரி வராருண்ணா" என்று உன் மனைவி என்னிடமே குறைப்பட்டிருக்கிறாள்.

அன்றைக்கும் பஸ் நம்மை ஜிஎஸ்டி ரோட்டில் கம்பெனிக்கு எதிர்ப்பக்கம்தான் இறக்கிவிட்டது. பெர்மனென்ட் ஆட்களின் பஸ் மட்டும் சுற்றித் திரும்பி கேட்டுக்குள் போகும். நான் முன்னால் கடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்து "ஓடுறா மச்சான்!" என்று கத்தினேன். நீ லாரியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், வேகத்தைக் கூட்டவே இல்லை. ஒரு குப்பியில் தூசி விழக்கூடாது என்று காற்றையே வடிகட்டி அனுப்புகிறவர்களுக்கு, நம் பஸ்ஸைக் கேட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாமல் போயிற்று.

ஊசி போட்டு வந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி பாதியாகிவிட்டாள். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "நான் சொன்ன வார்த்ததாண்ணா அவர கொன்னுட்ச்சி" என்றாள். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். நாம் உள்ளே எப்படி நடப்போம் என்று அந்தச் சின்னக் கூடத்தில் நடந்து காட்டினேன். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, எதிலும் படாமல், ஒவ்வொரு அடியாக.

"இப்டித்தாம்மா வந்தான். கைய இப்டி வெச்சிகினு வந்தான். கோவத்துல சாவப்போறவன் இப்டி வருவானா? அவன் வேலைக்கு வந்துகினு இருந்தாம்மா. ஓடக்கூடாதுன்னு ஒடம்புல ஏத்திட்டாங்க, ஒடம்பு ஓடல."

என் கைகளையே வெகுநேரம் பார்த்தாள். "சோறு துன்ன கூப்ட்டாகூட இப்டித்தாண்ணா கைய தூக்கிகினு வருவாரு" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன், மச்சான், வெட்கமில்லாமல்.

நான் சொன்னது அத்தனையும் உண்மையா? உன் கை அப்படி இருந்தது உண்மை, என் கண்ணால் பார்த்தேன். உன் மனதில் என்ன இருந்தது என்று நீதான் சொல்லவேண்டும். அதை எண்ணித்தான் இன்னும் தூக்கம் கெடுகிறது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். "நீயாவது ரோட்டுல ஓடிடுண்ணா" என்றாள்.

மறுநாள் பஸ் அதே இடத்தில்தான் இறக்கிவிட்டது. லாரிகள் தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தன. ஆனாலும் ஓடினேன். சாப்பாட்டுப் பை இடுப்பில் இடிக்க, கூட வந்தவர்கள் கைதட்டிச் சிரிக்க, கேட் வரைக்கும் ஓடினேன். உடுப்பு மாற்றும் அறை வாசலில் சூப்பர்வைசர் மறித்துவிட்டார். "இன்னாய்யா இப்டி மூச்சு வாங்குது? இதோட உள்ள வுட முடியாது. அடங்கற வரைக்கும் உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன், மச்சான். இனி தினமும் ஓடிவந்து அங்கே உட்காரத்தான் போகிறேன்.