ஒன்பதரை அடிப் பலகை

ஹனலே,
கவாய் தீவு.
மார்ச் 9

ரோஷெலுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். கை ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் பெயரோடு தொடங்குகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் நலம். நீயும் ராய்டனும் நலம் என்று உன் கடிதத்தில் பார்த்தேன்.

நீ என்னை ஆன்ட்டி என்று அழைத்திருக்கிறாய். நம் தீவுகளில் வயதில் மூத்த பெண்களை எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறோம். மரியாதைதான். ஆனாலும் நான் பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய வீட்டில், நான் தைத்து மாட்டிய திரைச்சீலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி எனக்கு ஆன்ட்டி என்று எழுதும்போது சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. ராய்டன் உன்னிடம் வந்தது என்னை விட்ட பிறகா, அதற்கு முன்பேயா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

என் முகவரியை வெண்டல் அங்கிளிடம் கேட்டு வாங்கியதாக எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், போகிற போக்கில் கேட்பது போல ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே என்று புரிந்தது. ராய்டன் உனக்கு அலைச்சறுக்கு சொல்லித் தருவதாக, கராஜிலிருந்து ஒரு மஞ்சள் பலகையை எடுத்துக் கொடுத்திருக்கிறான். இரண்டு மாதமாக முயன்றும் உன்னால் ஒரு தடவைகூட எழுந்து நிற்க முடியவில்லை. உனக்கு உடம்பில் நிதானமே இல்லை என்கிறான். அந்தப் பலகை என்னுடையதா, உனக்கு அது சரியான அளவுதானா என்று கேட்டிருக்கிறாய்.

என்னுடையதுதான். ஆறடி இரண்டு அங்குலம். உனக்குச் சரியான அளவு இல்லை. எனக்கும் இருந்ததில்லை.

கல்யாணமான வருஷம் அதை வாங்கிக் கொடுத்தான். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, நூற்று நாற்பது பவுண்டு எடை. அவன் ஓட்டுவதும் ஆறடிப் பலகைதான், அதனால் எனக்கும் அதே அளவு என்றான். பெருமையாக இருந்தது. நாலு வருஷம், ஒவ்வொரு சனிக்கிழமையும், உங்கள் தீவின் மேற்குக் கரையில் அதன்மேல் படுத்துக் கை வலிக்கத் தண்ணீரைத் துழாவினேன். அலை என்னைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கரையில் அவனுடைய சிநேகிதர்கள் பீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "என் பொண்டாட்டி பலக மேல நிக்கறத விட, பலகதான்டா அவ மேல நிக்குது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதை இப்போது நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஒருநாள் பலகையின் முன்முனை என் புருவத்தில் அடித்து ஐந்து தையல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வழியெல்லாம், அன்றைக்கு அலை எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தான். அதோடு நான் தண்ணீரில் இறங்குவதை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என் வேலை கரையில் உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்வது, சோற்றுருண்டையும் வறுத்த ஸ்பாம் டப்பா இறைச்சியும் பொட்டலம் கட்டிக் கொண்டுபோவது, அவன் அலையில் வரும்போது தலைநிமிர்ந்து பார்ப்பது. பார்க்கவில்லை என்றால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டான். எனக்கும் கடலுக்கும் ஒத்துவராது என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விவாகரத்துக்குப் பிறகு இங்கே வந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாற்பத்தாறு வயது. துறைப்பாலத்துக்குப் பக்கத்தில் பலகை வாடகைக்கு விடும் பெவர்லி என்ற பெண், என்னைவிடப் பெரியவள், தினமும் நான் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்திருக்கிறாள். ஒருநாள் கூப்பிட்டு, எவ்வளவு எடை என்று கேட்டாள். நான் தயங்கினேன். "வயசையா கேட்டேன்? எடையத்தானே கேக்கறேன். கூச்சப்பட்டுக் கொறச்சுச் சொன்னா கடல் காட்டிக் குடுத்துடும்" என்றாள். நான் பழைய பலகையின் அளவைச் சொன்னதும், "ஆறடியா! புதுசா கத்துக்கறவளுக்கா? யாரு குடுத்தா, ஒன்ன புடிக்காதவங்களா?" என்றாள்.

அவள் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள். கற்றுக்கொள்கிறவளுக்குப் பலகை மிதக்க வேண்டும், அதுதான் முதல் காரியம். சின்னப் பலகை உன் எடைக்குப் பாதி முங்கிப்போகும், எவ்வளவு துழாவினாலும் அலையின் வேகத்தைப் பிடிக்காது. நீ நூற்றைம்பது பவுண்டு என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ஒன்பது அடிக்குக் குறையக்கூடாது. அகலம் இருபத்துமூன்று அங்குலமாவது வேண்டும், கனம் மூன்று அங்குலம். நிதானம் உன் உடம்பில் இல்லாமல் போகவில்லை, அந்தப் பலகையில்தான் இல்லை. வருஷக்கணக்கில் பழகினவர்கள் சின்னதற்குப் போகலாம். போகாமலே இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

பெவர்லி கொடுத்த ஒன்பதடிப் பலகையில், மூன்றாவது அலையில் எழுந்து நின்றேன் ரோஷெல். கரைவரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். எல்லோரும் கத்துவார்களே சந்தோஷத்தில், எனக்கு அது வரவில்லை. மணலில் உட்கார்ந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமான காரியத்துக்கா என்று. இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போனேன். ஒரு கோடை முழுக்கப் போனேன். அந்த ஒரு கோடைதான் எனக்குக் கிடைத்தது. சமையலறையில் பெரிய அண்டா தூக்கித் தூக்கித் தோள் கிழிந்துவிட்டது, இனிமேல் துழாவக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் அவன் தெரியாமல் செய்தது என்று மன்னித்திருப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெண்டல் அங்கிளின் மனைவி இறந்தபோது அங்கே வந்திருந்தேன். ராய்டனுக்கு அலைச்சறுக்கு சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அந்தக் கரையில் பாதிப் பேர் ஓட்டுவது அவர் கையால் இழைத்த பலகை. பிரார்த்தனை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாலியே, அந்த ஒம்பதரை அடி ஒனக்குப் புடிக்கலேன்னு ராய்டன்கிட்ட சொன்னியாமே. எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா சரி பண்ணிக் குடுத்திருப்பேனே. இத்தன வருஷமா மனசுல வச்சிருந்தேன்" என்றார்.

எந்தப் பலகை என்று கேட்டேன். என் கல்யாணத்துக்கு என்று, என் எடையைக் கண்ணாலேயே அளந்து, அவர் செய்து கொடுத்தது. செங்கல் நிறம். அடியில் பென்சிலால் என் பெயரை எழுதியிருந்தாராம்.

அந்தப் பலகை எனக்குத் தெரியும். அலை சின்னதாக இருக்கும் நாட்களில் ராய்டன் ஓட்டுவது அதைத்தான். வண்டியிலிருந்து தண்ணீர்வரைக்கும் அதன் பின்முனையை நான்தான் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவேன், எத்தனையோ வருஷம். அடியில் ஒரு கறுப்புப் பட்டை அடித்திருந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா அழகுக்கு என்றான்.

மனைவியைப் புதைத்த அன்று அந்த மனிதரிடம் என்ன சொல்ல முடியும்? தப்பு என்மேல்தான் அங்கிள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ராய்டன் கெட்டவன் இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கரையில் உட்கார்ந்து தன்னைப் பார்க்க அவனுக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். நான் எழுந்து நின்றுவிட்டால் யார் பார்ப்பது? என்மேலும் எனக்குக் கோபம்தான். பலகைக் கடை பத்து நிமிஷ தூரத்தில் இருந்தது. ஒருநாள் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ இரண்டு மாதத்தில் கேட்டுவிட்டாய். அதற்காகவும் உன்மேல் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்தச் செங்கல் நிறப் பலகை இன்னும் கராஜில், உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அது உன் எடையையும் தாங்கும். இறக்கி எடுத்துக்கொள். அவனிடம் கேட்காதே, கேட்டால் ஆயிரம் காரணம் சொல்வான். அது என்னுடையது, நான் உனக்குக் கொடுக்கிறேன். தலையில் வைத்துக்கொண்டால் ஒருத்தியாகவே தூக்கிவிடலாம், இன்னொரு ஆள் வேண்டாம். அந்த மேற்குக் கரைக்கு எடுத்துப் போகாதே, அடியெல்லாம் பாறை. சுற்றுலாக்காரர்கள் வரும் வைக்கீக்கி பக்கம் போ, அங்கே அலை சின்னது, உன்னைத் தெரிந்தவர்களும் இருக்க மாட்டார்கள்.

நீ எழுந்து நின்றால் எனக்கு எழுத வேண்டாம். சந்தோஷப்படுகிற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை, பொய்யாக வாழ்த்தவும் தெரியாது. ஆனால் அவன் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது நீயும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாய் என்றால், அன்றைக்கே எழுது. இங்கே ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
மாலியே