நிலைமை சீரானதும்

மாத்தளை
25.06.1989

அன்பு மகள் கமலாட்சிக்கு,

செவ்வாய்க்கிழமை கடைச் சாவியைப் பக்கத்துப் பேக்கரி குணசேகர முதலாளி கையில் கொடுத்துவிட்டேன். மற்றபடி நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லண்டனில் நீயும் அப்படியே இருக்க முத்துமாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

இந்திய ஆமி போக வேண்டும் என்கிற சிங்கள இயக்கக்காரர்கள், இந்தியச் சாமான் விற்றால் கடை எரியும் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். கைவசம் இருந்த பம்பாய் வெங்காயத்தையும் பருப்பையும் குப்பையிலா கொட்டுவது, பெரிய வெங்காயம் என்று பெயரை மாற்றி, இந்திய முத்திரை தெரியாதபடி சாக்குகளை உள்புறம் வெளியே வரத் திருப்பி வைத்து விற்றேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். வெறும் சாக்குகளை வழக்கம்போல லக்கல கிராமத்து விவசாயி டிங்கிரி பண்டாவிடம், காய்ந்த செத்தல் மிளகாய் கட்டி வரக் கொடுத்தேன். அந்த நல்ல மனுஷன், முதலாளியின் சாக்கு ஏன் தலைகீழாகக் கிடக்கிறது என்று நேராகத் திருப்பி, மிளகாயை நிரப்பி, நான் பல்லேபொலைக்கு மிளகு வாங்கப் போன நேரம் பார்த்துக் கடை வாசலில் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். மூன்று மூட்டையிலும் இந்திய முத்திரை, பஸ்ஸில் போகிறவனும் வாசிக்கலாம். மறுநாள் கதவுக்கடியில் மிரட்டல் துண்டு கிடந்தது, கடையை மூட ஏழு நாள் தவணை. மிளகாய் லக்கல மண்ணில் விளைந்தது என்று யாரிடம் சொல்வது. எழுபத்து நாலில் இந்தியாவுக்குக் கப்பலேற மாட்டேன் என்று நின்று இந்த நாட்டுப் பிரஜையானவன் நான், என்னையும் மேலே இருக்கிற முத்திரையைப் பார்த்துத்தான் எடை போடுகிறார்கள்.

சின்ன நாடு தன் பாதுகாப்பையும் பக்கத்து நாட்டின் உதவியையும் சேர்த்துப் பார்த்து நடக்க வேண்டும், இந்தியாவோடு போட்ட ஒப்பந்தம் அதற்குத்தான் என்று எழுதியிருந்தாய். தப்பென்று சொல்லவில்லை மகளே. தனியாக வாசலைக் காக்க முடியாதவன் அடுத்த வீட்டைக் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் கூப்பிடும்போதே எத்தனை பேர், என்ன வேலை, எந்தத் தேதியில் போவாய் என்று பேசிவிட வேண்டாமா. இரண்டு வருஷமாக இந்திய ஆமி வடக்கில் நிற்கிறது. இப்போது நம் அரசாங்கம் போ என்கிறது, அவர்கள் நிலைமை சீரானதும் போகிறோம் என்கிறார்கள். அங்கே நம் சனம் அவர்கள் கையால் அடிபடுகிறது, இங்கே நாம் அவர்கள் பேரால் அடிபடுகிறோம். கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா.

குணசேகர கெட்டவரில்லை, என் சிங்களப் பேரில் போர்டு மாட்டினால் கடையைத் தொடமாட்டார்கள் முதலாளி என்று அவராகத்தான் வந்தார். சாவி திரும்பும் தேதியை எழுதுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே பேனாவை மூடி வைத்துவிட்டார். உன் அம்மா, ஊருக்கெல்லாம் விலை பேசுற மனுஷனுக்கு ஒரு தேதி வாங்கத் தெரியலயேன்னு அன்றையிலிருந்து குத்திக்கொண்டிருக்கிறாள். சாவி கொடுத்த அன்று, மறுநாள் விடிந்தால் ஏழாவது நாள், நான் என்ன பேரம் பேச.

இனிக் கடை விலாசத்துக்குக் கடிதம் போடாதே, வீட்டுக்குப் போடு, அரசியல் எழுதாதே. எங்கிருந்தாலும் யார் தயவுமில்லாமல் நீ நிமிர்ந்து நிற்க வேண்டும், அது போதும் எனக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
நாகமுத்து

பி.கு: பேசி முடித்தது இது. அவர் தரும் மாத வாடகை எண்ணூறு ரூபா. போர்டில் அவர் பெயர். இந்தியச் சாமான் கிடையாது. நான் பின்பக்கமிருந்து மிளகு, மிளகாய் கொள்முதல் மட்டும் பார்ப்பேன், முன்னால் வரக்கூடாது. சாவி திரும்புவது, நிலைமை சீரானதும்.