வற்றிய கால்வாயின் அளவுகள்

என்னவளுக்கு,

நீ போன இரண்டு வாரத்தில் பூனை இளைக்கவில்லை. செடிகளும் நலம்.

நாளை அந்தத் தண்ணீர் மாநாட்டில் பதினெட்டு நாட்டுக் குழுக்கள் முன்னால் நம் தெருக்குழுவின் கால்வாய் நீர்மட்டத்தைக் காட்டப்போகிறாய். தினமும் காலையில் அளந்து அனுப்பும் வேலையை என்னை நம்பி ஒப்படைத்தாய். நானோ முட்டிவலியைச் சாக்காக வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முந்தின நாள் எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அனுப்பினேன்.

இன்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா சிரித்தார்: "கால்வாய் வத்திப் பத்து நாளாச்சே, எதைண்ணே அளந்தீங்க?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தரை வெடித்துக் கிடந்தது. உலகத்துக்கு நாம் சொல்ல வேண்டிய சேதியே அதுதான். அதைத்தான் நான் மறைத்திருக்கிறேன்.

என் பொய்யை மேடையிலேயே சொல்லிவிடு. மானம் போனால் போகட்டும், கால்வாயில் தண்ணீர் இருப்பதாக மட்டும் சொல்லாதே.

தலை நிமிராமல்,
உன் வீட்டுக்காரன்