வரதன் போட்ட மாலை

ஏப்ரல் 4, 1997

ஸ்டிரைக் முடியவில்லை, இன்றும் லாரி ஓடவில்லை. மண்ணூர்பேட்டை பட்டறையில் மெஷினுக்குப் போடும் பித்தளை புஷ் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. பெங்களூர்க் கம்பெனிக்காரர் போனில் கத்துகிறார். முன்பெல்லாம் ரயிலில் போட்டால் சேரும்போது சேரும். அவரும் குடோனில் இருப்பு வைத்திருப்பார். ரோடு நன்றாக ஆனதும் குடோனையே எடுத்துவிட்டார். காலையில் நம் சரக்கு இறங்கினால்தான் மதியம் அவர் மெஷின் ஓடும். இப்போது பூந்தமல்லியில் நாலு டிரைவர்கள் ரோட்டில் உட்கார்ந்தால் அங்கே எல்லாம் நிற்கிறது. மந்திரிகளே லாரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். இவர்களை நாம் மதித்ததுண்டா?

ஏப்ரல் 6

செவ்வாய்க்குள் சரக்கு வராவிட்டால் ஆர்டர் ஓசூர்க்காரனுக்காம். பட்டறையை மூட வேண்டியதுதான் என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சோறு இறங்கவில்லை. திருட்டுத்தனமாகப் போன வேன் ஒன்றைக் கல்லால் அடித்து நொறுக்கிவிட்டார்களாம்.

ஏப்ரல் 7

இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுவிட்டது. இவர் சித்தப்பா மகன் பிரகாசம் சவ வண்டி ஓட்டுகிறான். "பொணத்த எவனும் மறிக்க மாட்டான் ஹில்டா. பொட்டில புஷ்ஷ ரொப்பிகினு போய்டலாம்."

ஆள் இல்லாத சவப்பெட்டி வாசலை விட்டுப் போனால் அது ஆள் கேட்குமே! சொன்னேன். "பூசைக்குப் போற பொம்பள பேசற பேச்சா இது?" என்றார்.

ஏப்ரல் 8

விடிந்ததும் கிளம்பினார்கள். பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கினார்கள். மேலே சிலுவை போட்ட துணி. ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காரியத்துக்கு எந்த முகத்தோடு மாதாவைக் கூப்பிடுவது?

ஏப்ரல் 9

வந்துவிட்டார். சரக்கு சேர்ந்தது. ஆனால் முகமே சரியில்லை. துருவித் துருவிக் கேட்டதில்தான் சொன்னார் — பூந்தமல்லியில் வண்டியை மறித்தவன் நம் வரதன். வருஷக்கணக்காக எங்கள் சரக்கை ஏற்றுகிற டிரைவர். "இன்னா அண்ணாத்தே, யாரு?" என்று கேட்டிருக்கிறான். இவர் பதறிப்போய், "ஹில்டா. வாலாஜாவுல அடக்கம்" என்றிருக்கிறார்.

என் பேரு! வேற பேரே வாயில வரலியா? செத்துப்போன உங்க அம்மா பேரு வரலியா?

வரதன் தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம். ஆட்களை விலக்கிவிட்டு, ஓடிப்போய் மாலை வாங்கி வந்து பெட்டிமேல் போட்டானாம்.

ஏப்ரல் 10

லேசாகத் தலை சுற்றினாலும், பெட்டி கேட்ட ஆள் நான்தானோ என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 12

வாசலில் சைக்கிள் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரதன்! துக்கம் கேட்க வந்திருக்கிறான், அரிசி மூட்டையோடு. லாரி ஓடாமல் அவன் வீட்டிலேயே உலை வைக்க வழியில்லை. உள்ளே போ என்று இவர் கையைக் காட்டினார். கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணி கையால எத்தினி தபா துன்னுகீறேன் அண்ணாத்தே..."

தாங்கலடியம்மா. வெளியே வந்துவிட்டேன்.

அவன் முதலில் என் காலைத்தான் பார்த்தான். பிறகு முகத்தை. "அப்போ பொட்டில இன்னா இருந்திச்சி?" என்றான். அரிசியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 13

வெளியே வண்டி நின்றாலே எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறேன். வரதன் வாயைத் திறந்தால் போதும், பட்டறை மிஞ்சாது. எங்கள் உடம்பும்தான்.

ஏப்ரல் 14

கல் வரவில்லை. யாரும் வரவில்லை.

ஏப்ரல் 21

லாரியெல்லாம் ஓடுகிறது. இன்று சரக்கு ஏற்ற ஒரு புது டிரைவர் வந்தான். வரதன்தான் அனுப்பினானாம். டம்ளரை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "நீங்க யாரும்மா?" என்றான்.

"ஹில்டாவோட தங்கச்சி" என்றேன்.

"அந்த அண்ணி ரொம்ப நல்லவங்களாமே. வரதண்ணன் சொல்லி சொல்லி அயுதாரு. துக்க ஊடு, வாடகையில கறாரா இருக்காதன்னு சொல்லி அனுப்ச்சாரு."

"ஆமாம்பா, நல்லவங்கதான்" என்றேன்.

வரதன் இனி வர மாட்டான்; அவனுக்கு நான் செத்தவள்தான். அந்த அரிசி மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை.